சிலிக்கான் அச்சு இல்லாமல் அலங்கார மெழுகுவர்த்தி: மஞ்சக்குப்பத்திலிருந்து வந்த கேள்விக்குப் பதில்

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன் அக்கா. கிறிஸ்துமசுக்கும் வீட்டு விசேஷங்களுக்கும் அலங்கார மெழுகுவர்த்தி நானே செய்ய ஆசை. சிலிக்கான் அச்செல்லாம் விலை அதிகமாக இருக்கிறது. வீட்டில் கிடக்கிற பொருளையே அச்சாக வைத்துச் செய்ய முடியுமா? எரிந்து மீந்த துண்டுகளை உருக்கலாமா? நன்றாக வந்தால் புதுச்சேரியில் விற்கலாமா?

தாராளமாக முடியும்மா. ஒரு தலைமுறைக்கு முன்னால் நம் பக்கத்துப் பிள்ளைகள் பப்பாளி இலைக் காம்பில் மெழுகு ஊற்றி வர்த்தி செய்து விளையாடியிருக்கிறார்கள். காம்பு உள்ளே குழலாக இருக்கும், சுவரில் ஈரம் இருப்பதால் மெழுகு ஒட்டாது, ஆறியதும் நகத்தாலேயே உரித்துப் போடலாம். நல்ல அச்சுக்கு வேண்டிய எல்லாமே அதில் இருக்கிறது. நீங்களும் கையில் எடுக்கும் எந்தப் பொருளையும் மூன்று கேள்வி கேளுங்கள். ஊற்றும் சூட்டைத் தாங்குமா? ஒழுகாமல் நிற்குமா? ஆறியபின் மெழுகை வெளியே விடுமா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் அது அச்சுதான்.

ஆனால் ஒன்று. அச்சு தருவது உருவத்தை மட்டும். வீட்டில் செய்த மெழுகுவர்த்தி பார்க்க அழகாக இருந்து, ஏற்றிய கால்மணி நேரத்தில் அணைந்துபோனாலோ புகைந்து தள்ளினாலோ, காரணம் பெரும்பாலும் திரிதான். அதனால் அச்சுக்கு யோசிக்கிற அளவு திரிக்கும் யோசியுங்கள். அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் மெழுகு. கெமிக்கல் கடையில் பாளமாகக் கிடைப்பது பாரபின் மெழுகு. கச்சா எண்ணெய்ச் சுத்திகரிப்பில் கிடைக்கும் பொருள் இது. சென்னை மணலி ஆலையிலும் தயாராகிறது. வாங்கும்போது 58-60 என்று கேட்டு வாங்குங்கள். அது உருகுநிலை, டிகிரி செல்சியஸில். இதைவிட இளகிய மெழுகில் உயரமான தூண் மாதிரி வர்த்தி செய்து மே மாதத்தில் மொட்டைமாடி அறையில் வைத்தால், கத்திரி வெயிலில் அது தலையைச் சாய்த்துவிடும். கூடவே ஸ்டியரிக் ஆசிட் கொஞ்சம் வாங்குங்கள். ஒரு கிலோ மெழுகுக்கு 50 முதல் 100 கிராம் போதும். மெழுகு கெட்டிப்படும், பால் வெள்ளையாக வரும், ஆறும்போது சற்றுக் கூடுதலாகச் சுருங்கி அச்சைவிட்டுத் தானே விலகும். வீட்டு அச்சுகளில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தக் கடைசிக் குணம்தான் பெரிய உதவி.

மீந்த துண்டுகளைத் தாராளமாக உருக்கலாம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்துவிட்டுப் போன பிறகு நாள் கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போது பார்த்த கடலூர்க்காரர் யாரும் மெழுகுவர்த்தித் துண்டை அவ்வளவு லேசில் தூக்கிப் போடமாட்டார்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாள் முடிந்ததும், மாதா கோவில் திருவிழாக்கள் முடிந்ததும் வழிந்த மெழுகு நிறைய சேரும். பொறுப்பில் இருப்பவர்களிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அதில் மண், தீக்குச்சி, கருகிய திரி எல்லாம் இருக்கும். உருக்கி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். அடியில் தங்கும் கசடை ஊற்றாமல் விட்டுவிடுங்கள். நிறவாரியாகப் பிரித்து உருக்குங்கள். எல்லா நிறமும் சேர்ந்தால் வருவது ஒரு சாணிப் பழுப்பு, அதை எந்தச் சாயமும் காப்பாற்றாது. இந்தக் கலப்பு மெழுகின் கெட்டித்தன்மை எப்படி இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதால், உயரமான வர்த்திக்கு வேண்டாம். குட்டையாக, கிண்ணத்திலோ மணலிலோ ஊற்றுகிற வகைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு மெழுகு உருக்குவது? அச்சில் தண்ணீர் நிரப்பி அளந்து பாருங்கள். 250 மில்லி பிடித்தால் சுமார் 225 கிராம் மெழுகு. மெழுகின் அடர்த்தி தண்ணீரில் பத்தில் ஒன்பது பங்கு. அளந்த பிறகு அச்சைச் சொட்டு ஈரம் இல்லாமல் துடையுங்கள்.

உருக்குவதில் மட்டும் நான் கறாராகப் பேசுவேன். மெழுகுப் பாத்திரத்தை நேரடியாகத் தீயில் வைக்கக் கூடாது. ஒரு அகலக் குண்டானில் தண்ணீர், அதன் அடியில் மடித்த துணி அல்லது ஒரு பிரிமனை, அதன்மேல் மெழுகு உள்ள மூக்கு வைத்த அலுமினியக் குவளை. தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது, அதனால் மெழுகும் போகாது. நேரடித் தீயில் வைத்தால் மெழுகு எண்ணெய் மாதிரிதான். சூடேறிக்கொண்டே போய் ஆவியாகித் தீப்பிடிக்கும். பிடித்தால் அடுப்பை அணைத்துவிட்டுத் தட்டால் மூடுங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது. ஊற்றினால் எரியும் மெழுகு சிதறி ஆள்மேல் விழும். அதனால் குவளைக்குப் பொருத்தமான மூடியைத் தேடிப் பக்கத்தில் வைத்த பிறகுதான் அடுப்பையே பற்ற வைக்க வேண்டும். இண்டக்‌ஷன் அடுப்பு இருந்தால் இன்னும் நல்லது. கையில் சூடான மெழுகு பட்டுவிட்டால் பிய்த்தெடுக்காமல் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். மீதி மெழுகைத் தொட்டியில் கொட்டாதீர்கள். குழாய்க்குள் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

வெப்பமானி ஒன்று இருந்தால் வேலை சுலபம். சமையலுக்கு விற்கிற வகை போதும். காய்ச்சல் பார்க்கிறதை எடுத்துவிடாதீர்கள், அது 42-ஓடு நின்றுவிடும். வெப்பமானி இல்லையென்றால், அடுப்பிலிருந்து இறக்கிய குவளையின் ஓரத்தில் வெள்ளையாக ஆடை கட்ட ஆரம்பிக்கும் நேரத்தைக் கவனியுங்கள். அங்கே மெழுகு உருகுநிலைப் பக்கம் வந்துவிட்டது. காகிதம், பிளாஸ்டிக் அச்சுகளுக்கு அதற்குச் சற்று முன்னால், 70 டிகிரி சுமாரில் ஊற்ற வேண்டும். உலோக அச்சுக்கு 80 வரை போகலாம். சூடாக ஊற்றினால் மேற்பரப்பு பளபளப்பாக வரும்.

இனி அச்சு. தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒரு லிட்டர் ஜூஸ் வரும் அட்டைப் பெட்டியை. உள்பக்கம் ஏற்கெனவே பூச்சு இருப்பதால் ஒட்டாது, ஒழுகாது. ஆறியதும் கிழித்துப் போடலாம், விடுமா விடாதா என்ற கவலையே இல்லை. ஊற்றும்போது வயிறு உப்பும், அதனால் சுற்றி இரண்டு மூன்று இடத்தில் செல்லோடேப் போட்டு, மணல் நிரப்பிய வாளியில் பாதி புதைத்து நிறுத்துங்கள். எந்த அச்சாக இருந்தாலும் இப்படி மணலில் நிறுத்துவது நல்லது. எங்காவது ஒழுகினாலும் மணலிலேயே உறைந்து அடைபட்டுவிடும்.

இந்த அட்டைப் பெட்டியிலேயே ஒரு வித்தை உண்டு. நடுவில் கடையில் வாங்கிய சாதாரண மெழுகுவர்த்தி ஒன்றை நிறுத்தி, சுற்றிலும் ஐஸ் கட்டிகளைப் போட்டு, அதன்மேல் மெழுகை ஊற்றுங்கள். ஐஸ் உருகித் தண்ணீராகிவிடும். அது இருந்த இடமெல்லாம் ஓட்டை ஓட்டையாக, பவளப்பாறை மாதிரி ஒரு வர்த்தி கிடைக்கும். தண்ணீரை வடித்துவிட்டு ஒரு நாள் முழுக்க உலர விடவேண்டும். நம் கடலோர ஈரக்காற்றில் இரண்டு நாள் விட்டாலும் தப்பில்லை. ஈரம் இருந்தால் எரியும்போது படபடவென்று வெடிக்கும். பார்க்க மிகவும் கஷ்டப்பட்டுச் செய்தது போலிருக்கும், செய்வது இருப்பதிலேயே சுலபம். பிள்ளைகளை வைத்துச் செய்தால் ஊற்றும் வேலை மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும்.

அடுத்தது இட்லித் தட்டு. ஓட்டை இல்லாத குழி உள்ள தட்டு வேண்டும். உருளியில் பூவோடு மிதக்கவிடும் வர்த்திக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் காசு கொடுத்தாலும் கிடைக்காது. மேலே அகலம், கீழே வளைவு, உயரம் குறைவு, கவிழவே கவிழாது. குழியில் தேங்காய் எண்ணெயை விரலால் தொட்டுப் பூசினால் போதும். அதிகம் பூசினால் மெழுகின் மேல் புள்ளி புள்ளியாகக் குழி விழும். மேலே ஆடை கட்டியதும் திரியை நடுவில் செருகுங்கள், ஆனால் அடிவரை இறக்காதீர்கள். திரி அடியில் வெளியே தெரிந்தால் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு எரியாது. பணியாரச் சட்டியில் இரண்டு அரைக்கோளம் ஊற்றி ஒட்டினால் முழுப் பந்து. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: சாயமும் வாசனையும் பட்ட தட்டு மறுபடி சமையலுக்குப் போகக் கூடாது. புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய பாத்திரம் தேடிப் பாருங்கள். இட்லித் தட்டு, ஜெல்லிக் கிண்ணம், நெளிவு நெளிவான கேக் கப், பிஸ்கட் டின் எல்லாம் மெழுகுக்கென்று தனியாக எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

எவர்சில்வர் டம்ளரும் நல்ல அச்சுதான், வாய் அகலமாகவும் அடி குறுகியும் இருந்தால். வாய் உள்நோக்கி வளைந்த சொம்பில் ஊற்றினால் அந்த மெழுகு அங்கேயே குடியிருக்கும். முழுதாக ஆறியபிறகு டம்ளரை ஒரு பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்துக் கவிழ்த்துத் தட்டினால் விழும். ஃபிரீசரில் வைக்காதீர்கள், குறுக்கே விரிசல் ஓடும். ஒல்லியான நீள வர்த்திக்கு எலெக்ட்ரீஷியன் விட்டுப்போன பிவிசி பைப் துண்டு போதும். நீளவாக்கில் ஒரு பக்கம் மட்டும் அறுத்து, டேப்பால் இறுக்கி ஊற்றுங்கள். பிறகு பிளவை விரித்து எடுக்கலாம். பிவிசி 80 டிகிரி வாக்கில் இளகிவிடும், அதனால் சூடு குறைவாகவே ஊற்றவேண்டும். முட்டை ஓட்டில் மேலே சிறிதாக உடைத்து, கழுவிக் காயவைத்து, முட்டை அட்டையிலேயே நிறுத்தி ஊற்றினால் ஈஸ்டருக்கு ஆயிற்று. கண்ணாடி பாட்டிலை உடைத்து எடுக்கும் முறை ஒன்று உலவுகிறது. புதுச்சேரியில் காலி பாட்டிலுக்குப் பஞ்சமில்லை என்பது உண்மைதான், இருந்தாலும் வேண்டாம். மெழுகில் கண்ணாடிச் சில்லு பதிந்துவிடும்.

மணல் அச்சு நம் ஊருக்கென்றே அமைந்தது. தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய் அள்ள வேண்டியதில்லை; கடல் மணலில் உப்பு இருக்கும், ஈரத்தை இழுக்கும். வீடு கட்டி மீந்த மணலைச் சலித்து, கையில் பிடித்தால் உருண்டை நிற்கிற அளவு ஈரமாக்கி, வாளியில் அழுத்தி நிரப்புங்கள். அதில் கிண்ணத்தையோ பெரிய சங்கையோ அழுத்தி எடுத்தால் பள்ளம் கிடைக்கும். விரலால் மூன்று குழி குத்தினால் வர்த்திக்கு மூன்று கால். ஓரத்தில் சிப்பிகளை முகம் மணலைப் பார்க்கும்படி பதித்துவிட்டு, ஒரு கரண்டியின் முதுகில் விழும்படி மெதுவாக ஊற்றுங்கள். மெழுகு எவ்வளவு சூடோ அவ்வளவு ஆழம் மணலுக்குள் இறங்கி, அவ்வளவு தடிமனான மணல் ஓடு கட்டும். எல்லா வகையிலும் எனக்குப் பிடித்தது இதுதான்.

இன்னும் ஒரு படி போக நினைத்தால், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். பாகற்காய், சீதாப்பழம் மாதிரி மேற்பரப்பில் வேலைப்பாடு உள்ளவற்றை இரண்டு பாதியாக அச்செடுக்கலாம். இரண்டு பங்கு தூளுக்கு ஒரு பங்கு தண்ணீர். காயைப் பாதி வரை அமிழ்த்தி, இறுகியதும் மேல்முகத்தில் சோப்புக் கரைசலை நன்றாகப் பூசிவிட்டு மறுபாதியை ஊற்றுங்கள். சோப்பு இல்லையென்றால் இரண்டும் ஒன்றாகிவிடும். மெழுகு ஊற்றுமுன் அச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, மேலே மட்டும் துடைத்துவிடுங்கள். உள்ளே ஈரம் இருப்பதால் மெழுகு பிடிக்காது. பப்பாளிக் காம்பில் பார்த்த அதே சங்கதி. சுட்ட மண் அச்சுக்கும் இது பொருந்தும். இல்லையென்றால் ஹார்டுவேர் கடையில் ஜன்னலுக்கு வாங்கும் சிலிக்கான் சீலன்ட் ட்யூப் ஒன்றைக் கார்ன்ஃப்ளவரோடு பிசைந்து மாவாக்கி, சிப்பி மேலோ பழைய கதவுச் செதுக்கல் மேலோ அழுத்தி வையுங்கள். ரப்பர் போல இறுகி, கடையில் விற்கும் சிலிக்கான் அச்சின் வேலையைச் செய்யும். காடி நெடி அடிக்கும். ஜன்னலைத் திறந்துவைத்து, கையுறையோடு செய்யுங்கள்.

கிண்ணத்திலேயே விட்டு எரிக்கும் வகைக்கு ஒரு எச்சரிக்கை. வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடே உண்டு, அழகுக்குக் குறைவில்லை. ஆனால் மெருகு இல்லாத மண் கிண்ணத்தில் உருகிய மெழுகு ஊறி வெளியே கசியும், மேசைத் துணி வீணாகும். உள்ளே மெருகு பூசிய பீங்கான் வகைக் கிண்ணம் வாங்குங்கள். 1971-இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மட்பாண்டப் பட்டறைக்குப் பிறகு புதுச்சேரி, ஆரோவில் பக்கம் அப்படிப்பட்ட கிண்ணத்துக்குக் குறைவே இல்லை. கொட்டாங்கச்சியில் ஊற்றுவது படத்துக்கு நன்றாக இருக்கும். மெழுகு தீரும்போது கொட்டாங்கச்சியே பிடித்துக்கொள்ளும் என்பதால் நான் செய்வதில்லை.

இப்போது திரி. சாமி விளக்குக்குப் போடும் பஞ்சுத் திரி இதற்கு ஆகாது. தளர்வாக இருப்பதால் மெழுகை அளவுக்கு மேல் உறிஞ்சிப் புகையும். வேண்டியது பின்னிய பருத்தி நூல். பின்னல் இருந்தால் எரியும்போது திரியின் நுனி ஒரு பக்கம் வளைந்து, சுடரின் ஓரத்தில் தானே எரிந்து தீரும். 1825-இல் பிரான்சில் கம்பாசெரே என்பவர் கொண்டுவந்த உத்தி இது. அதற்கு முன்னால் எரிகிற வர்த்தியின் கருகிய நுனியை அடிக்கடி கத்தரித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. ரெடிமேடாகக் கிடைக்கிறது. வீட்டிலேயே என்றால், பருத்தி ட்வைன் நூல் மூன்று இழையை ஜடை மாதிரிப் பின்னி, வெந்நீரில் ஒரு ஸ்பூன் உப்பும் மூன்று ஸ்பூன் வெங்காரமும் கரைத்து ஊறவைத்து, இரண்டு நாள் காயவிடுங்கள். வெங்காரம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். நைலான் கலந்த நூல் உதவாது. நுனியைக் கொளுத்திப் பாருங்கள், சாம்பலானால் பருத்தி, உருண்டையாக உருகினால் நைலான். காய்ந்த திரியை உருகிய மெழுகில் முக்கி, காற்றுக் குமிழி வருவது நின்றதும் எடுத்து நேராக இழுத்து ஆறவிடுங்கள். குச்சி மாதிரி விறைத்து நிற்கும்.

திரியை எப்படி நடுவில் நிறுத்துவது? அடியில் துளையிட்டு முடிச்சுப் போட்டுக் களிமண்ணால் அடைப்பது ஒரு வழி. எனக்குப் பிடித்த வழி குடைக்கம்பி. எண்ணெய் தடவிய குடைக்கம்பியையோ சைக்கிள் ஸ்போக்ஸையோ அச்சின் நடுவில் நிறுத்தி ஊற்றிவிட்டு, ஆறியதும் முறுக்கி உருவி, அந்தத் துளையில் திரியைச் செருகி, மேலே துளி மெழுகு விட்டு அடைத்துவிடலாம். அச்சில் ஓட்டையே போட வேண்டாம்.

திரியின் தடிமன் வர்த்தியின் அகலத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். ஒல்லியாக இருந்தால் நடுவில் மட்டும் கிணறு தோண்டிக்கொண்டு இறங்கி, தன் மெழுகிலேயே மூழ்கி அணையும். தடியாக இருந்தால் சுடர் உயரும், புகை வரும், நுனியில் காளான் மாதிரி கரி கட்டும். அட்டவணையைவிட எரித்துப் பார்ப்பதுதான் நம்பகம்: ஒரே மெழுகு, ஒரே அச்சு, மூன்று தடிமனில் திரி. எது ஓரம் வரை சீராக உருக்குகிறதோ அதுவே உங்கள் திரி. மெழுகையோ வாசனையையோ மாற்றினால் சோதனையும் முதலிலிருந்து.

ஊற்றியதும் வேலை முடியாது. மெழுகு ஆறும்போது நன்றாகச் சுருங்கும். திரியைச் சுற்றிக் குழி விழும், உள்ளே வெற்றிடமும் இருக்கும். மேலே ஆடை கட்டி ஒரு மணி நேரம் கழித்துத் திரிக்குப் பக்கத்தில் குச்சியால் இரண்டு மூன்று துளை குத்தி, மீதி வைத்திருந்த மெழுகை இன்னும் சற்றுச் சூடாக ஊற்றி நிரப்புங்கள். முதலில் ஊற்றிய மட்டத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அச்சுக்கும் மெழுகுக்கும் நடுவில் இறங்கிப் பிடித்துக்கொள்ளும்.

நிறத்துக்கு எண்ணெயில் கரையும் சாயம் மட்டுமே. கேசரிப் பவுடர், கேக் கலர் எல்லாம் தண்ணீரில் கரைவது, அடியில் மணிமணியாகத் தங்கிவிடும். கோலப்பொடியும் பிள்ளைகளின் கிரேயானும் திரியை அடைக்கும். வாசனைக்கு மெழுகுவர்த்திக்கென்று விற்கும் எண்ணெய், கிலோவுக்கு 30 முதல் 60 கிராம், இறக்கின பிறகு கலக்க வேண்டும். கற்பூரம் போடாதீர்கள். காய்ந்த பூ இதழ்களை வர்த்தியின் வெளிச்சுவரில் ஒட்டலாம், சுடர் எட்டும் இடத்தில் கூடாது.

விற்பனை பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆரோவில் மெழுகுவர்த்திகள் பல வருடமாக விற்கிற ஊர் புதுச்சேரி. வாங்குகிறவர்கள் நல்ல வேலையைப் பார்த்துப் பழகியவர்கள். அங்கே ரோஜாப்பூ அச்சில் போட்ட ஆன்லைன் ரகத்தைக் கொண்டுபோனால் எடுபடாது என்பது என் அபிப்பிராயம். மணல் வர்த்தியும் பாகற்காய் வர்த்தியும் திரும்பிப் பார்க்க வைக்கும். விலை போடும்போது மெழுகு, திரியோடு கேஸ், உடைந்தது, உங்கள் நேரம் எல்லாவற்றையும் சேருங்கள். எந்த வகையையும் விற்குமுன் அதே அச்சில் ஊற்றிய ஒன்றைத் தொடக்கம் முதல் முடிவு வரை முழுதாக எரித்துப் பாருங்கள், ஒரு தட்டின்மேல் வைத்து, பக்கத்திலேயே இருந்து. ஒவ்வொரு தடவை ஏற்றுமுன்னும் திரியை அரை சென்டிமீட்டர் அளவுக்குக் கத்தரிக்க வேண்டும், முதல் முறை ஏற்றும்போது மெழுகு ஓரம் வரை உருகும்வரை அணைக்கக் கூடாது. இந்த இரண்டையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு சீட்டில் எழுதி வர்த்தியோடு கட்டிவிடுங்கள். வாங்கிப் போகிறவர் திரும்ப வந்து குறை சொல்வது வெகுவாகக் குறையும்.